ஹெரால்டு அண்ணாச்சிக்கு மரியாதைக் குறைவான ஓர் அஞ்சலி

கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அண்ணாச்சியின் படத்துக்குக் கீழே ‘வாகன வரலாற்று அறிஞர்’ என்று போட்டிருந்தார்கள். குரோம்பேட்டை ரயில் நிலையத்தை ஒட்டிய சுவரில் அதைப் பார்த்ததும், அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்கு ஆத்திரம் வந்தது. அதே போஸ்டரில் ‘தோற்றம்: 1965’ என்றும் இருந்தது. அச்சகத்துக்கு அப்பாவின் படங்களை அனுப்பிய மகன், பதற்றத்தில் காரின் ஆர்.சி. புத்தகப் படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டான். அச்சகத்தார் கண்ணில் பட்ட ஆண்டைப் போட்டுவிட்டார்கள். அந்தக் கணக்குப்படி அண்ணாச்சி எனக்குத் தம்பி. உயிரோடு இருந்திருந்தால் அந்தப் போஸ்டரின் அடியில் நின்று ஒரு படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருப்பார். வயதைக் குறைத்துச் சொல்வது அவருக்குப் பிடித்தமான பொய்களில் ஒன்று.

இந்தக் கட்டுரை மற்ற பொய்களைப் பற்றியது.

இரங்கல் கூட்டம் நடந்தது. எங்கள் பழைய கார் கூட்டத்திலிருந்து பேசியவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் அவரை மகானாக்கிவிட்டு உட்கார்ந்தார்கள். எளிமையானவர், இனிமையானவர், யாரிடமும் எதையும் எதிர்பார்க்காதவர். கடைசியாகச் சொன்னது மட்டும் சரி. எதிர்பார்த்துக்கொண்டிருக்க அவருக்குப் பொறுமை கிடையாது. நேராக வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். கூட்டத்தில் பேசியவர்களில் ஒருவரின் டைனமோ அந்த நேரத்திலும் அண்ணாச்சி வீட்டு ஷெட்டில்தான் கிடந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டே அவர் ‘இனிமையானவர்’ என்று சொன்னதை நான் மெச்சுகிறேன்.

அண்ணாச்சி திருநெல்வேலிச் சீமைக்காரர். அரசு அலுவலகம் ஒன்றில் தபால்களைப் பதிவேட்டில் ஏற்றும் வேலையில் சேர்ந்து, ஏறக்குறைய அதே நாற்காலியில் ஓய்வு பெற்றார். இருபது வயதுப் பையன்களும் அவருக்கு அண்ணாச்சி என்றார்கள், அவருக்கு ஊசி போட்ட டாக்டரும் அண்ணாச்சி என்றார். அவரிடம் இருந்தது 1965-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு. என்னிடம் இருப்பது நான்கு கதவு ஹெரால்டு. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்து என்னை அவர் கடைசி வரை கீழ்ச்சாதிக்காரனாகவே நடத்தினார். “நாலு கதவு வச்சது பஸ்ஸுவே. நீரு கண்டக்டரு” என்பார்.

மெட்ராஸில் கார் வந்த கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெசன்ட் நகர் கடற்கரையில் பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்துவோம். அண்ணாச்சி வந்ததும் வண்டியின் முன்பாகத்தை அப்படியே தூக்கித் திறந்துவிடுவார். ஹெரால்டில் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மொத்த மூஞ்சியும் முன்பக்கமாகக் கவிழும். அப்போது முன் டயர் வெட்டவெளிக்கு வந்துவிடும். மெக்கானிக் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். அண்ணாச்சி அதன்மேல் உட்கார்ந்து டீ குடிப்பார், கதை சொல்வார். வேலை பார்க்கிறவன் நின்றுகொண்டு பார்ப்பான். பெரும்பாலும் அது நான்.

முதல் கதை யார்க் துரை. பாரி கம்பெனி டைரக்டர் ஏ.ஜே. யார்க் 1894-ல் அடையாறு பென்ஸ் கார்டன்ஸ் பங்களாவிலிருந்து பாரி முனைக்குக் காரில் வேலைக்குப் போனார். சென்னைத் தெருக்கள் பார்த்த முதல் கார் அது என்று எஸ். முத்தையா எழுதியிருக்கிறார். இது வரைக்கும் வரலாறு. “அந்தக் கார் அடையாத்துப் பாலத்துல நின்னுபோச்சு. தள்ளிவிட்டது ஆருங்கீரு? எங்க பூட்டன்” என்பது அண்ணாச்சி சேர்த்தது. அவருடைய பூட்டன் அந்தக் காலத்தில் உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்துகொண்டிருந்தார். மெட்ராஸைக் கண்ணால்கூடப் பார்த்தவர் இல்லை என்று அண்ணாச்சியின் சித்தப்பாவே ஒரு கல்யாணப் பந்தியில் என்னிடம் சொன்னார். அண்ணாச்சியிடம் கேட்டேன். “சித்தப்பாவுக்குப் பங்குச் சண்டைவே, அதான் மறைக்காரு” என்றார். நூறு வருடம் முந்தைய காரைத் தள்ளியதில் என்ன பங்கு வரப்போகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு கதை வரும்.

அடுத்தது சாமுவேல் ஜான் கிரீன். சிம்ப்சன் கம்பெனிக்காரர். 1903-ல் மெட்ராஸிலேயே நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து மவுண்ட் ரோட்டில் ஓட்டிக் காட்டினார். இதைச் சொல்லும்போது அண்ணாச்சிக்குக் குரல் தழுதழுக்கும். தன் வண்டியும் நீராவி வண்டிதான், கிண்டி தாண்டியதும் தெரியும் என்பார். ரேடியேட்டர் குழாயை மாற்றச் சொல்லி நாங்கள் சொல்லாத நாளில்லை. ஜி.பி. ரோட்டில் ஒரு டீ, ஒரு பஜ்ஜி காசுக்குக் கிடைக்கிற குழாய் அது. அண்ணாச்சி அதில் சைக்கிள் ட்யூபைச் சுற்றி வைத்திருந்தார். டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டார் என்று அர்த்தம்.

அவருடைய கதைகளிலேயே உச்சம் ராமானுஜன் கதைதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் யாராவது வண்டியைப் பார்க்க வந்தால் உடனே ஆரம்பிப்பார். மெட்ராஸில் எம்.சி.1 என்று பதிவான கார் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடையது. துறைமுகக் கழகத்தின் தலைவர். அந்தத் துறைமுக அலுவலகத்தில்தான் 1912-ல் ராமானுஜன் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். எம்.சி.3 நம்பெருமாள் செட்டியாருடையது. உயர் நீதிமன்றத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர். மெட்ராஸில் சொந்தமாகக் கார் வைத்துக்கொண்ட முதல் இந்தியர் அவர்தான் என்பார்கள். 1920-ல் ராமானுஜன் கண்மூடியது சேத்துப்பட்டில் செட்டியாருக்குச் சொந்தமான வீட்டில். இடையில் இங்கிலாந்தில் நோயில் படுத்திருந்தபோது பார்க்க வந்த ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண் 1729, சுவாரசியமில்லாத எண் என்று சொல்ல, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்று ராமானுஜன் படுக்கையிலிருந்தே சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும்.

அண்ணாச்சி இதை இப்படி முடிப்பார்: “வேலை குடுத்தவன் ஒண்ணாம் நம்பர் காருக்காரன். சாகக் கெடந்தப்ப வீடு குடுத்தவன் மூணாம் நம்பர் காருக்காரன். நடுவுல டாக்சி. இந்த ரெண்டாம் நம்பர் காருக்காரன் என்னலே செஞ்சான்? அந்தப் பிள்ளைக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுத்திருக்கப்படாதா?”

பிள்ளைகள் சிரிக்கும். கணக்கு டீச்சர் ஒருவர் ஒருமுறை குறிப்பெடுத்துக்கொண்டு போனார். நான் இந்தக் கதையையும் வழக்கம்போலப் பொய் என்றே நினைத்துத் தோண்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அண்ணாச்சியிடம் இருந்த பெரிய தொல்லையே இதுதான். முழுப் பொய்யராக இருந்தால் நிம்மதியாகக் காது கொடுக்காமல் இருந்துவிடலாம். பூட்டன் கதைக்கு நடுவில் ஒரு ராமானுஜனைச் செருகிவிடுவார். அவருடைய செல்போன் பூட்டு எண்ணும் 1729-தான். அதை ரகசியம் என்று சொல்லி எல்லோரிடமும் சொல்லியிருந்தார். சாவுச் செய்தியை ஊருக்குச் சொல்ல அது உதவியது.

இனி ஹெரால்டின் கதை. அண்ணாச்சி இதைத் தன் குடும்பக் கதையாகவே சொல்வார்.

இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்குக் கார் உடம்பு செய்து கொடுத்துக்கொண்டிருந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனம். 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. அதை வாங்கிவிட்டது. புதிதாகச் சின்னக் கார் ஒன்று செய்யப் போன ஸ்டாண்டர்டுக்கு உடம்பு செய்ய ஆளில்லை. அண்ணாச்சி மொழியில்: “சட்டி பானை வனையுறவன் எதிரி வீட்டுக்கு மாப்பிள்ளையாப் போயிட்டான்வே. இனி எங்க போய்ச் சட்டி வாங்க? அங்கங்க ஒரு தகடு வாங்கி, போல்ட்டுப் போட்டு முறுக்குனான். அதான் நம்ம வண்டி.” நடந்தது கிட்டத்தட்ட அதுதான். மற்ற கம்பெனிகள் உடம்பும் சட்டமும் ஒன்றாக வார்த்த கார்களுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், ஹெரால்டு மட்டும் பழைய முறைப்படி அடியில் தனிச் சட்டம், மேலே துண்டு துண்டாகப் பூட்டிய உடம்பு என்று வந்தது. வெவ்வேறு இடத்தில் செய்த தகடுகளை ஒன்றுசேர்க்க அதுதான் வழி.

வேலை நடக்கும்போது அந்தக் காருக்கு வைத்திருந்த ரகசியப் பெயர் ‘ஸோபோ’. திபெத்துப் பக்கம் பசுவுக்கும் காட்டெருமை மாதிரியான யாக்குக்கும் பிறக்கும் கலப்பு மாடு. பிறகு இத்தாலியிலிருந்து ஜியோவானி மிச்செலாட்டி வந்து அந்த மாட்டுக்கு மூக்கும் முழியும் வரைந்து கொடுத்தார். ஹெரால்டு என்ற பெயர் கம்பெனித் தலைவர் அலிக் டிக்கின் படகுடைய பெயர் என்பார்கள். “மாட்டுக்குப் படகுப் பேரு. இத்தாலிக்காரன் மூஞ்சி. வெள்ளக்காரன் எஞ்சின். பெருங்களத்தூர் பிறப்பு. இதுல நீரு நாலு கதவை வேற வச்சுக்கிட்டு வாரீரு” என்று கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்பார்.

1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஹெரால்டை அறிமுகம் செய்தபோது, ஆட்கள் மேடையிலேயே பாகங்களைப் பூட்டி ஒரு முழுக் காரைச் செய்து காட்டினார்கள். இந்தச் செய்தியை அண்ணாச்சி எங்கோ படித்துவிட்டார். படித்திருக்கக் கூடாது. வெள்ளைக்காரன் மேடையில் செய்ததை நான் குரோம்பேட்டையில் செய்கிறேன் என்று தை மாதம் ஒரு நாள் வண்டியைக் கழற்றினார். கழற்றுவது ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆடிப்பெருக்கு வந்தபோதும் கூரை தனியாக மாமரத்தடியில் இருந்தது. அதில் அவர் மனைவி, நாங்கள் மைனி என்று கூப்பிடுகிறவர், வடகம் காயவைத்திருந்தார். வாட்டமான சரிவு, மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காது என்று எனக்கே காட்டினார். பூட்டி முடித்தபோது ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று நிறையப் போல்ட்டும் நட்டும் மிச்சம். “கம்பெனிக்காரன் பயந்துபோய்ச் சாஸ்தி போட்டிருக்கான்வே” என்றார். அந்தப் பாட்டில் அடுத்த பத்து வருடமும் வண்டியிலேயே இருந்தது. ஓடும்போது அது குலுங்கும் சத்தத்தில்தான் அண்ணாச்சி வருகிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1948-ல் தொடங்கிய கம்பெனி. ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூருக்கு முன்னால் பெருங்களத்தூரில் தொழிற்சாலை. ஹெரால்டு அங்கே 1961-லிருந்து வந்தது, 948 சி.சி. எஞ்சினோடு. அறுபதுகளின் பிற்பகுதியில் நம்மவர்கள் அதற்கு நான்கு கதவு வைத்தார்கள். இங்கிலாந்தில்கூடக் கிடையாத வண்டி அது, உலகத்திலேயே பெருங்களத்தூரில் மட்டும் செய்தது. இந்தப் பெருமையை நான் எடுத்துச் சொல்லும்போதெல்லாம் அண்ணாச்சிக்குக் காது கேட்காது. பின்பக்கம் ஒரு ஸ்டென்ட், வாயில் பல்செட், கண்ணில் லென்ஸ் என்று பலதும் புதிதாக மாற்றியிருந்த மனிதர் காது மெஷின் மட்டும் வாங்காமல் இருந்ததற்கு என் பேச்சுதான் காரணம் என்று நினைக்கிறேன். பின்பக்கம் ஸ்டென்ட் என்றது என் சொல் இல்லை. எங்கே வைத்தார்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் அப்படித்தான் காட்டினார்.

ஹெரால்டின் பின்சக்கரங்களைப் பற்றிச் சொன்னால்தான் எங்கள் நட்பின் அடிப்படை புரியும். ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடுகிற அமைப்பு அது. வண்டியில் பாரம் இல்லாதபோது பின்சக்கரங்களின் அடிப்பாகம் உள்ளே மடங்கி நிற்கும். அந்த நிலையில் வளைவில் வேகமாகத் திரும்பினால் சக்கரம் இன்னும் உள்ளே மடங்கி வண்டியின் பின்புறம் வீசியடிக்கும். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கும் வாங்கியவர்களுக்கும் இது பிடிக்கவில்லை. அதனால்தான் 1971-ல் அதே கம்பெனி கொண்டுவந்த கஸல் காரில் பழைய மாதிரி ஒரே இரும்பு அச்சைப் போட்டார்கள். ஆறே வருடத்தில், 1977-ல், அந்த வண்டியும் நின்றது.

அண்ணாச்சி இந்தச் சிக்கலுக்கு வேறு தீர்வு கண்டார். பின்சீட்டில் பாரம் இருந்தால் சக்கரங்கள் ஒழுங்காக உட்காரும். என் எடை அவருக்குத் தெரியும். “மாமல்லபுரம் வாரீரா? காத்து வாங்கலாம்” என்று அன்பாகக் கூப்பிடுவார். முன்சீட்டு காலியாக இருக்கும், அதில் ஹார்லிக்ஸ் பாட்டில் உட்கார்ந்திருக்கும். நான் பின்சீட்டின் நடுவில். இரண்டு கதவு வண்டியில் பின்னால் ஏறுவதும் இறங்குவதும் இந்த உடம்புக்கு எப்படி என்பதை விவரிக்கப் போவதில்லை. ஒருமுறை நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அன்று என் இடத்தில் ஐ.ஆர். எட்டு அரிசி மூட்டை ஒன்று போயிற்று. திரும்பி வந்து, “அது உம்ம மாதிரி வழியெல்லாம் பேசலை” என்றார்.

25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பது ஹெரால்டின் புகழ்களில் ஒன்று. லண்டன் டாக்சியோடு போட்டி போடுகிற அளவு. அண்ணாச்சி இதை நிரூபிக்காமல் எந்த விசேஷத்திலிருந்தும் கிளம்ப மாட்டார். தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டப வாசலில், முகூர்த்தம் முடிந்து பொண்ணும் மாப்பிள்ளையும் படமெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், “பாரும், ஒரே ஒடிப்பு” என்று ஒடித்தார். வண்டி 25 அடிக்குள் திரும்பிவிட்டது. வாசலில் கட்டியிருந்த வாழைமரம் 24-ஆவது அடியில் இருந்தது. குலையோடு பானெட்டின்மேல் வந்த மரத்தை இறக்காமலே வீடு வரை ஓட்டி வந்தார். பெண் வீட்டார் பின்னால் ஓடி வந்தது வழியனுப்பத்தான் என்று இன்று வரை மைனி நம்புகிறார்.

சோழவரத்தில் ரேஸ் ஓட்டியதாகச் சொன்னதையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்கள் பெரிய திருவிழா. ஊரே வெயிலில் காய்ந்துகொண்டு பார்க்கும். அண்ணாச்சியும் போனார். “சோழவரத்துல ஓட்டுனேன்” என்பது சத்தியமான வார்த்தை. ஓட்டியது சைக்கிள். செங்குன்றத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாடகை சைக்கிள் எடுத்து, பந்தயம் பார்க்கப் போனார்.

இத்தனை பொய்க்கு நடுவே ஒரே ஒரு விஷயத்தில் அந்த மனிதர் சாமியார். முன்சக்கரத்தைத் தாங்குகிற முட்டில் டிரனியன் என்று ஒரு பித்தளைப் பாகம். அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, கெட்டியான கியர் எண்ணெய்தான் விட வேண்டும். கிரீஸ் உள்ளே போய்ச் சேராமல், ஈரம் இறங்கித் துருப்பிடித்து, ஒரு நாள் ஓட்டத்திலேயே முட்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். பங்க்கில் கிரீஸ் கன் வைத்திருக்கும் பையனுக்கு இது தெரியாது. அண்ணாச்சி சனிக்கிழமை சனிக்கிழமை தனக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, அது ஊறுகிற நேரத்தில், கோவணத்தோடு வண்டியின் அடியில் படுத்து டிரனியனுக்கு எண்ணெய் விடுவார். ஒரு வாரம் தவறாது. அவ்வளவு அடிக்கடி தேவையே இல்லை. எங்களுக்கும் வெள்ளிக்கிழமை ராத்திரியே போன் வரும். “எண்ணெய் விட்டீரா?” எடுக்காவிட்டால் காலையில் ஆள் நேரில் நிற்பார், கையில் எண்ணெய்க் குப்பியோடு. எங்கள் கூட்டத்து ஹெரால்டு எதிலும் சக்கரம் மடங்கியதில்லை. லோட்டஸ் எலான் என்ற அழகான ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே முட்டுதான் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. “லோட்டஸ்காரனும் நாமளும் பங்காளிகவே. அவன்கிட்டயும் கேக்கணும், எண்ணெய் விடுதானா என்னான்னு.”

2021-ல் மத்திய அரசு ஐம்பது வருடம் கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், ‘விஏ’ என்ற எழுத்தோடு எண், வண்டியின் சட்டத்திலும் உடம்பிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. நான் உரக்கப் படித்துக் காட்டினேன். அண்ணாச்சி பல்செட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். “வண்டி பாஸாயிரும். எனக்குத்தான்வே குடுக்க மாட்டான்.”

அதற்கு முன்பே அழகுப் போட்டி ஒன்றில் நடுவர் ஒருவர் அவர் வண்டியைச் சுற்றி வந்து, வைப்பர் ஒரிஜினல் இல்லை, கண்ணாடி ஒரிஜினல் இல்லை, சீட்டுத் துணி ஒரிஜினல் இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டே போனார். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஐயா தலையில கறுப்பா இருக்கே, அது ஒரிஜினலா?” என்றார். கடைசி இடம். அந்தக் கடைசி இடத்துச் சான்றிதழைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார், சாமி படங்களுக்குப் பக்கத்தில்.

பெருங்களத்தூர்த் தொழிற்சாலையின் கடைசிக் காலம் பரிதாபமானது. 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய கார். வெளியே ரோவர் எஸ்.டி.1-இன் உடம்பு, ஐரோப்பாவில் அந்த ஆண்டின் சிறந்த கார் என்று 1977-ல் பரிசு வாங்கிய வண்டி. உள்ளே நாற்பதுகளின் வேன்கார்டு கார் வழியில் வந்த 1991 சி.சி. எஞ்சின். மாருதி வந்துவிட்ட நாட்டில் அது விலை போகவில்லை. 1988-ல் ஆலை மூடப்பட்டது. அண்ணாச்சி அந்தக் காரைப் பற்றிப் பேசும்போது மட்டும் கிண்டல் குறைந்துவிடும். “ரோவரைச் செய்யத் தெரிஞ்சவன் ரோவர் எஞ்சினையும் போட்டிருக்கலாம்” என்று மட்டும் சொல்வார். இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடிகளும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் வந்துவிட்டன. அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் ஹாரன் அடித்து மரியாதை செய்வார். ஹாரன் வேலை செய்யாத நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், தலையை வெளியே நீட்டி “பாம், பாம்” என்று வாயாலேயே அடிப்பார். பக்கத்தில் வரும் பைக்காரர்கள் பயந்து ஒதுங்குவார்கள். ஹாரனால் அந்த வேலை நடந்திருக்காது.

பொருள் கடன் வாங்கும் விவகாரத்துக்கு வருகிறேன். அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தால் முதலில் தண்ணீர் கேட்பார். நான் உள்ளே போவேன். திரும்பி வருவதற்குள் ஏதாவது ஒன்று அவர் மடிக்குப் போயிருக்கும். இப்படித்தான் என் சோலெக்ஸ் கார்ப்பரேட்டர் போயிற்று. கேட்டேன். கோயம்புத்தூரில் ஒரு பையன் தாத்தாவின் ஹெரால்டை எழுப்பப் பாடுபடுகிறான், அவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். அவனிடமிருந்து என்ன வாங்கினீர்கள் என்றேன். ஒரு பக்கத்துக் கதவுக் கண்ணாடி. அது எங்கே? வேலூரில் ஒருத்தருக்கு. அவரிடமிருந்து? ஸ்பீடோமீட்டர். அது இப்போது என் வண்டியில்தான் ஓடுகிறது என்றும், ஆயுதபூஜைக்கு அவரே வந்து மாட்டியதை நான் மறந்துவிட்டேன் என்றும் நினைவுபடுத்தினார். எங்கள் கூட்டத்தில் எந்த வண்டிக்குள் யாருடைய குடல் ஓடுகிறது என்று கணக்குச் சொல்ல ஒரே ஆள்தான் இருந்தார், அவரும் போய்விட்டார். உதிரிப் பாகம் எங்குமே கிடைக்காத ஒரு வண்டி இத்தனை பேர் வீட்டில் இன்னும் ஓடுகிறது என்றால், புதுப்பேட்டைக் கடைகளை விட இந்தத் திருட்டுக்குத்தான் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். இதை அவர் இருக்கும்போது சொல்லியிருந்தால் என் பேட்டரியும் போயிருக்கும்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, தூக்கத்திலேயே போய்விட்டார். முந்தின நாள் சனிக்கிழமை. எண்ணெய் விட்டிருந்தார், இரண்டு பேருக்கும்.

சாவு வீட்டுக்கு எல்லோரும் பழைய வண்டிகளிலேயே போனோம். மாலை போட்டோம். மைனியிடம் துக்கம் கேட்டோம். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக, கை கழுவ வேண்டும் என்றும், வெயிலாக இருக்கிறது என்றும், கொல்லைப்புற ஷெட் பக்கம் நகர ஆரம்பித்தார்கள். கூடத்தில் ஒப்பாரி நடக்கிறது. ஷெட்டுக்குள் ஸ்பேனர் உருளும் சத்தம். “இது என்னுடைய டிஸ்ட்ரிபியூட்டர்!” என்று ஒருவர் தழுதழுத்தார். வெளியே நின்ற உறவுக்காரப் பெண்மணி அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். சாவு வீட்டில் ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். உண்மையாகவே திரும்பி வர வேண்டியிருந்தது, ஷெட்டில் பாதிதான் பார்த்திருந்தார்கள்.

மைனி எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கவனித்திருக்கிறார். கிளம்புகிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, எல்லார்ட்டயும் சொல்லிருங்க. பதினாறு கழியட்டும். ஒரு சாமானும் எங்கயும் போகாது. இத்தன வருசமாப் போகலைல்லா?”

பதினாறு கழிந்துவிட்டது. ஷெட்டைத் திறந்துவிட்டார்கள். வண்டியை விற்கப் போவதில்லை, மகன் வைத்துக்கொள்கிறான், சனிக்கிழமை எண்ணெய் விடும் பொறுப்பை இப்போதைக்கு நான் பார்க்கிறேன். மற்றபடி அண்ணாச்சி யாரிடமிருந்து எதை எடுத்திருந்தாலும், அவர்கள் குரோம்பேட்டை வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வந்து அடையாளம் சொல்லி எடுத்துக்கொள்ளலாம். வரும்போது, அவர் உங்களுக்குக் கொடுத்த பொருள் ஏதாவது இருந்தால் அதையும் கையோடு கொண்டுவாருங்கள், அது வேறு யாருடையதோ. கோயம்புத்தூர்த் தம்பி இதைப் படிக்க நேர்ந்தால்: அந்தச் சோலெக்ஸ் கார்ப்பரேட்டர் என்னுடையது.